மூலைமட்டம் வைத்து அறம் அளந்தவர்

1977ஆம் ஆண்டு, சீனாவின் ஹூபெய் மாகாணத்தில் சுய்ஜோ நகரை ஒட்டிய ஒரு குன்றை வெடிவைத்துச் சமன்படுத்திக்கொண்டிருந்தார்கள். தொழிற்கூடம் கட்டுவதற்கான வேலை அது. ஓரிடத்தில் மட்டும் பாறைக்குப் பதிலாக வேறு நிறத்து மண் தட்டுப்பட்டது. மறு ஆண்டு தொல்லியலாளர்கள் அங்கே இறங்கித் தோண்டியபோது, நீர் நிரம்பிய நான்கு மர அறைகள் வெளிப்பட்டன. செங் என்ற சிறு நாட்டை ஆண்ட யீ என்னும் கோமானின் கல்லறை அது. நீரை இறைக்க இறைக்க, நடு அறையில் மூன்றடுக்குச் சட்டம் ஒன்று தலைகாட்டியது. அதில் வரிசை வரிசையாக வெண்கல மணிகள், மொத்தம் 65. ஆகப் பெரியதன் எடை 200 கிலோவைத் தாண்டும். மணிகள் மட்டுமே இரண்டரை டன்.

இந்த மணிகளுக்கு நாக்கு கிடையாது. வெளியிலிருந்து கட்டையால் தட்டி வாசிக்க வேண்டும். மணியின் வாய் வட்டமாக இராது; இரு பக்கமும் தட்டையாகி, இரு முனையிலும் கூராக முடியும். இந்த வடிவத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. முன்பக்கத்தின் நடுவில் தட்டினால் ஒரு சுரம், சற்றே ஓரமாகத் தட்டினால் வேறொரு சுரம். வட்ட மணியில் ஓசை நெடுநேரம் ரீங்கரித்து அடுத்த ஓசையோடு கலந்துவிடும். இதிலோ ஓசை சீக்கிரம் அடங்குவதால், விரைந்து ஓடும் மெட்டையும் தெளிவாக வாசிக்கலாம். எங்கே தட்டினால் எந்தச் சுரம் என்பதை மணியின் மேலேயே எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். ஏறத்தாழ 2,400 ஆண்டுகள் நீருக்கடியில் கிடந்த அந்த மணிகளை 1978 ஆகஸ்டில் மீண்டும் தட்டிப் பார்த்தபோது, ஐந்து ஸ்தாயி அளவுக்கு ஒலித்தன.

அதே கல்லறையில் வேறொன்றும் கிடைத்தது. கோமானோடு சேர்த்துப் புதைக்கப்பட்ட 21 பெண்களின் எலும்புகள். எட்டுப் பேர் அவருடைய அறையிலேயே, பதின்மூன்று பேர் மேற்கு அறையில். ஆகச் சிறியவளுக்கு வயது 13 இருக்கும். மூத்தவளுக்கும் 25ஐத் தாண்டாது. அவர்களில் பலர் அந்த இசைக்கும் ஆட்டத்துக்கும் உரியவர்களாக இருந்திருக்கக்கூடும்.

மணி வரிசையின் நடுவில், மற்றவற்றோடு சேராத ஒரு மணி தனியே தொங்குகிறது. தெற்கே இருந்த பெருநாடான சூவின் மன்னன் ஹுய் அனுப்பிய மரியாதைப் பரிசு அது, கி.மு. 433ஆம் ஆண்டைக் குறிக்கும் எழுத்து அதில் இருக்கிறது. இந்த மன்னனின் அவைக்குத்தான் நைந்த துணி உடுத்திய ஒரு மனிதர், போரை நிறுத்து என்று கேட்டு நடந்து போனார் என ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். பெயர் மோ டி. வரலாறு அவரை மோட்ஸி, அதாவது ஆசான் மோ, என்று அழைக்கிறது. அரசர்கள் மணிகள் வார்ப்பதையும் ஆடம்பரமாகப் புதைபடுவதையும் எதிர்த்து நீண்ட வாதங்களை முன்வைத்தவர். அந்த வாதங்களை மட்டும் படித்தால் வறட்டுக் கண்டிப்புக்காரர் என்று தோன்றும். யீ கோமானின் கல்லறையை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்கும்போது அந்தக் கோபத்துக்கு முகம் கிடைக்கிறது.

மோட்ஸி வாழ்ந்த காலம் ஏறத்தாழ கி.மு. 470 முதல் 390 வரை. கன்பூசியஸ் இறந்தது கி.மு. 479இல்; எனவே அடுத்த தலைமுறைக்காரர். சீனம் அப்போது ஒரே நாடாக இல்லை. சூ, சீ, சின், யுவே என்று பெருநாடுகளும், அவற்றுக்கிடையே சோங், செங், லூ போன்ற சிறுநாடுகளும் இருந்தன. பெரியவை சிறியவற்றை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தன. கன்பூசியஸ் பழைய பிரபுகுலத்தின் தேய்ந்த கிளையிலிருந்து வந்தவர். சடங்கு, இசை, முன்னோர் மரபு ஆகியவற்றில் ஊறியவர். மோட்ஸியின் பேச்சில் வருவதெல்லாம் சக்கரம், கவராயம், மூலைமட்டம், மை நூல், சாயத் தொட்டி. கைத்தொழில் செய்வோர் நடுவிலிருந்து எழுந்தவர் என்பதை ஒவ்வொரு பக்கமும் சொல்கிறது. சீன வரலாற்றின் தந்தை எனப்படும் சிமா சியான், ஐந்து லட்சம் எழுத்துகளுக்கும் மேல் நீளும் தம் பெருநூலில் கன்பூசியஸுக்கு ஒரு முழு அத்தியாயம் கொடுத்தார். மோட்ஸிக்கு, வேறு இருவரின் வரலாற்றுக்கு வாலாக, 24 எழுத்துகள். சோங் நாட்டு அதிகாரி, நகரைக் காப்பதில் வல்லவர், சிக்கனம் போதித்தவர், கன்பூசியஸின் காலத்தவரோ பிந்தியவரோ. அவ்வளவுதான்.

சூ நாட்டுக்கு அவர் நடந்த கதை அவர் பெயரால் வழங்கும் நூலிலேயே இருக்கிறது. கோங்ஷு பான் என்ற மாபெரும் கைவினைஞர், இன்றும் சீனத் தச்சர்கள் குலதெய்வமாக வணங்கும் லூ பான், சூ மன்னனுக்காக மதில் ஏறும் 'மேக ஏணி'களைச் செய்து முடித்திருந்தார். இலக்கு சோங் நாடு. செய்தி கேட்ட மோட்ஸி பத்துப் பகல் பத்து இரவு நடந்து சூ தலைநகரை அடைந்தார். பாதம் வெடித்தபோது உடையைக் கிழித்துக் கட்டிக்கொண்டு நடந்தார் என்று பிற்கால நூல்கள் சேர்த்துச் சொல்கின்றன.

கோங்ஷு பானிடம் அவர் கேட்ட முதல் உதவி விசித்திரமானது. வடக்கே ஒருவன் என்னை அவமதித்துவிட்டான், அவனைக் கொன்று தர வேண்டும், பொன் தருகிறேன் என்றார். கைவினைஞருக்கு முகம் கறுத்தது. கொலை செய்வது என் அறத்துக்கு ஆகாது என்றார். மோட்ஸி எழுந்து இரு முறை வணங்கினார். ஒருவனைக் கொல்ல மறுக்கும் அறம், ஏணி செய்து ஒரு நாட்டையே கொல்ல மட்டும் எப்படி ஒப்புகிறது என்று கேட்டார். பானிடம் பதில் இல்லை. மன்னனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னார்.

மன்னன் முன்னிலையில் நடந்ததுதான் உச்சம். மோட்ஸி இடைக்கச்சையை அவிழ்த்துத் தரையில் வளைத்து வைத்தார். அது மதில். சிறு குச்சிகள் போர்ப்பொறிகள். கோங்ஷு பான் ஒன்பது விதமாகத் தாக்கினார். ஒன்பதையும் மோட்ஸி தடுத்தார். தாக்கும் உத்திகள் தீர்ந்துபோயின. தடுக்கும் உத்திகள் இன்னும் மிச்சமிருந்தன. உன்னை வெல்லும் வழி எனக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டேன் என்றார் பான். அது என்ன வழி என்று எனக்கும் தெரியும், நானும் சொல்ல மாட்டேன் என்றார் மோட்ஸி. மன்னனுக்கு விளங்கவில்லை. கடைசியில் மோட்ஸியே உடைத்துச் சொன்னார்: என்னைக் கொன்றுவிட்டால் காப்பதற்கு ஆளிராது என்று நினைக்கிறார், ஆனால் என் சீடர் சின் குலியும் வேறு 300 பேரும் என் பொறிகளோடு சோங் நகர மதிலில் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறார்கள். படையெடுப்பு கைவிடப்பட்டது. திரும்பும் வழியில் சோங் நாட்டில் மழை பிடித்தது. ஒரு வாயிலில் ஒதுங்கப் போனவரை, ஆள் தெரியாமல், காவலன் உள்ளே விடவில்லை.

இந்தக் கதை நடந்தபடியே எழுதப்பட்டதா, சீடர்கள் மெருகேற்றியதா என்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை. மோட்ஸியின் சிந்தனை எப்படி நகரும் என்பதற்கு இதைவிட நல்ல வரைபடம் கிடையாது. முதலில், எதிராளி ஏற்கெனவே ஒப்புக்கொள்ளும் ஒரு சிறு உண்மையைப் பிடிக்கிறார். பிறகு அதே அளவுகோலைப் பெரிய விஷயத்தின் மேல் வைக்கிறார். அதோடும் நிற்பதில்லை, தரையில் மாதிரி மதில் கட்டி, சொன்னது வேலை செய்யுமா என்று கண்ணெதிரே சோதித்துக் காட்டுகிறார்.

போருக்கு எதிரான அவருடைய வாதமும் இப்படித்தான் போகிறது. ஒருவன் அடுத்தவர் தோட்டத்தில் புகுந்து பீச், பிளம் பழங்களைத் திருடினால் எல்லோரும் தவறு என்கிறார்கள். கோழியையும் பன்றியையும் திருடினால் அதைவிடப் பெரிய தவறு. மாட்டையும் குதிரையையும் ஓட்டிப்போனால் இன்னும் பெரியது. ஒரு அப்பாவியைக் கொன்றால் மரணத்துக்குரிய குற்றம். பத்துப் பேரைக் கொன்றால் அதுபோல் பத்து மடங்கு. இந்தப் படிக்கட்டில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அப்படியானால் மேல் படியில் இருக்கும் செயலுக்கு, அடுத்த நாட்டைத் தாக்குவதற்கு, ஏன் புகழ்ப்பாட்டு? கொஞ்சம் கறுப்பைப் பார்த்தால் கறுப்பு என்றும், நிறையப் பார்த்தால் வெள்ளை என்றும் சொல்பவனின் கண்ணை நம்புவோமா என்று கேட்கிறார். 2,400 ஆண்டுகள் கடந்தும் இந்தக் கேள்விக்கு எந்த அரசாங்கமும் நேரான பதில் சொன்னதில்லை.

மோட்ஸியின் புகழ்பெற்ற கொள்கை 'பாகுபாடில்லா அன்பு'. கேட்டதும் உருகுகிற உணர்ச்சியாகத் தோன்றும். அவர் பேசியது உணர்ச்சியைப் பற்றி இல்லை, நடைமுறையைப் பற்றி. என் நாட்டுக்கு நன்மை என்று நினைத்து மற்ற நாட்டைக் கெடுக்கிறேன். என் குடும்பத்துக்கு நன்மை என்று அடுத்த குடும்பத்தைக் கெடுக்கிறேன். உலகத்துக் கேடுகளின் வேர் இந்தப் பாகுபாடு. பிறர் நாட்டைத் தன் நாடுபோலவும் பிறர் வீட்டைத் தன் வீடுபோலவும் நடத்தினால் வேர் அறுபடும். இதை எதிர்ப்பவருக்கு அவர் ஒரு சோதனை வைக்கிறார். நீ போருக்கோ தூர தேசத்துத் தூதுக்கோ புறப்படுகிறாய். திரும்புவாயா என்பது நிச்சயமில்லை. பெற்றோரையும் மனைவி மக்களையும் யாரிடம் விட்டுப் போவாய்? எல்லோரையும் ஒன்றாகப் பார்க்கும் நண்பனிடமா, தன் சொந்தத்தை மட்டும் பார்க்கும் நண்பனிடமா? வாயால் கொள்கையை மறுப்பவன்கூடக் கையால் முதலாமவனைத்தான் தேர்ந்தெடுப்பான் என்கிறார்.

இதெல்லாம் சொல்ல நன்றாயிருக்கும், மனிதரால் முடியுமா என்பது அடுத்த ஆட்சேபம். அதற்கு அவர் தரும் பதிலில் ஓர் இருண்ட நுண்மை உண்டு. சூ நாட்டில் முன்பு லிங் என்ற மன்னன் இருந்தான். அவனுக்கு மெல்லிடை பிடிக்கும். அமைச்சர்கள் ஒருவேளை மட்டும் உண்டு, மூச்சை அடக்கிக் கச்சை இறுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்கள். யுவே மன்னன் கூச்சியேனுக்கு வீரம் பிடிக்கும். தீ மூட்டிவிட்டு அவன் முரசு அடித்ததும், படைவீரர்கள் நெருப்புக்குள் பாய்ந்து செத்தார்கள். பட்டினியும் தீயும் அன்பைவிடக் கடினமானவை. ஆள்பவன் விரும்பினான் என்பதற்காக ஒரே தலைமுறையில் மனிதர்கள் இவ்வளவையும் செய்தார்கள் என்றால், அதே ஆள்பவன் அன்பை விரும்பிப் பரிசளித்தால் அதை ஏன் செய்ய மாட்டார்கள்? மனித இயல்பு மாறாது என்று சொல்பவர்களிடம், மாறியதை நாமே பார்த்தோமே, தவறான பக்கம் மாற்றினோம் என்கிறார்.

எது நல்லது என்பதை எப்படி முடிவு செய்வது? பெரியவர்கள் செய்தார்கள் என்பது மட்டும் அவருக்குப் போதவில்லை. எந்தக் கூற்றுக்கும் மூன்று சோதனைகள் வைத்தார். பழைய நல்லரசர்களின் செயலில் அதற்கு வேர் இருக்கிறதா? பொதுமக்களின் கண்ணும் காதும் அதற்குச் சாட்சி சொல்கின்றனவா? ஆட்சியில் நடைமுறைப்படுத்தினால் மக்களுக்குப் பயன் விளைகிறதா? சக்கரம் செய்பவர் கவராயத்தை வைத்து இது வட்டம், இது வட்டமில்லை என்று சொல்வதுபோல், மூலைமட்டத்தை வைத்துத் தச்சர் சதுரத்தைத் தீர்மானிப்பதுபோல், வானத்தின் விருப்பத்தை அளவுகோலாக வைத்து அரசர்களின் செயலை அளக்கிறேன் என்றார். வானம் எல்லா மக்களையும் ஒன்றாகவே வாழவைக்கிறது; ஆகவே எல்லோருக்குமான நன்மையே அளவு. விளைவை வைத்து அறத்தை மதிப்பிடும் இந்த முறையை மேற்கில் மெய்யியலாளர் பெந்தாம் 18ஆம் நூற்றாண்டில் வளர்த்தெடுத்தார். உலகில் அதற்குக் கிடைக்கும் மிகப் பழைய முறையான வடிவம் மோட்ஸியுடையது என்பது இன்றைய மெய்யியல் ஆய்வாளர் பலரின் முடிவு.

மூலைமட்டத்தின் தனிச்சிறப்பை இங்கே கவனிக்க வேண்டும். அது யார் கையில் இருந்தாலும் ஒரே விடைதான் தரும். அரண்மனைத் தூணுக்கு ஒரு செங்கோணம், குடிசைக் கதவுக்கு வேறு செங்கோணம் என்பது இல்லை. கன்பூசியஸின் அறம் உறவின் நெருக்கத்தைப் பொறுத்துத் தரம் பிரியும். தந்தைக்கு ஒரு கடமை, அண்டை வீட்டாருக்கு வேறு. அதைக் கற்க நீண்ட பயிற்சியும் பண்பட்ட மனமும் வேண்டும். மோட்ஸி தேடியது, படிக்காத கைவினைஞரும் எடுத்து வைத்துப் பார்க்கக்கூடிய ஓர் அளவுகோல். அறவியலில் இருந்த இந்தத் தேடலே அவர் மரபை அறிவியலுக்கும் இட்டுச் சென்றது என்பது என் எண்ணம்.

ஒருமுறை அவர் நோயில் படுத்தார். ஒரு சீடர் வந்து, நல்லவருக்கு ஆவிகள் நன்மை செய்யும் என்று போதிக்கிறீர்கள், நீங்களோ நல்லவர், பிறகு ஏன் நோய் என்று கேட்டார். நோய்க்குக் காரணங்கள் பல என்றார் மோட்ஸி. குளிரால் வரும், வெப்பத்தால் வரும், உழைத்துக் களைத்தாலும் வரும். நூறு கதவுள்ள வீட்டில் ஒன்றை மட்டும் சாத்திவிட்டால் திருடன் வர வழியே இல்லாமல் போய்விடுமா? ஒரு விளைவுக்குப் பல காரணங்கள் இருக்கலாம், ஒரு காரணத்தை அடைத்தால் போதாது என்ற இந்தத் தெளிவு அந்த நூற்றாண்டில் எங்கே கண்டாலும் வியப்புத்தான்.

ஆனால் அவருடைய அளவுகோல் எப்போதும் சரியாக அளக்கவில்லை. ஆவிகள் இருப்பதை நிரூபிக்கவும் 'மக்களின் கண்ணும் காதும்' என்ற அதே சோதனையைத்தான் பயன்படுத்தினார். பலர் பார்த்ததாகச் சொல்கிறார்கள், ஆகவே உண்டு என்றார். கேள்விப்பட்டதைக் கண்டதாக எடுத்துக்கொண்டார். இசை விஷயத்திலும் அவரோடு முழுதாக உடன்பட முடியவில்லை. மணியின் ஓசை இனிது என்பதை அவர் மறுக்கவில்லை. பசித்தவனுக்குச் சோறு, குளிரில் நடுங்குபவனுக்குத் துணி, உழைத்தவனுக்கு ஓய்வு இல்லாதபோது, மக்களின் வரிப்பணத்தில் பெருமணி வார்ப்பது தகாது என்றார். அரண்மனை மணிகளைப் பொறுத்தவரை அது நியாயம். அந்தப் 21 பெண்களுக்காகப் பேசிய குரல் அக்காலத்தில் வேறு அதிகம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் வயலிலும் உலைக்களத்திலும் பாட்டு இல்லாமல் மனிதர் உழைத்ததில்லை. இசை மனத்தை ஒழுங்குபடுத்துகிறது என்று பின்னால் வந்த கன்பூசிய அறிஞர் சுன்ட்ஸி எழுதிய மறுப்பில் உண்மை இருக்கிறது. பயன் என்ற சொல்லின் எல்லையை மோட்ஸி மிகக் குறுக்கிவிட்டார்.

அவருடைய சீடர்கள் கேட்டுவிட்டுக் கலைந்து செல்லும் மாணவர்களாக இல்லை. முரட்டுத் துணி, புல் செருப்பு, இரவு பகல் பாராத உழைப்பு, பெருந்தலைவர் ஒருவரின் கட்டளைக்குக் கட்டுப்படும் அமைப்பு. எந்தச் சிறுநகரம் தாக்கப்பட்டாலும் அங்கே போய்க் காத்து நிற்பார்கள். கி.மு. 381இல் யாங்செங் என்ற இடத்தைக் காப்பதாக வாக்களித்திருந்த பெருந்தலைவர் மெங் ஷெங், காக்க முடியாது என்று தெரிந்தும் விலகவில்லை. அவரோடு சுமார் 180 சீடர்கள் உயிர்விட்டார்கள். சின் நாட்டில் வாழ்ந்த இன்னொரு பெருந்தலைவர் ஃபூ துன்னின் மகன் ஒருவனைக் கொன்றுவிட்டான். முதியவர், வேறு பிள்ளையும் இல்லை என்று மன்னன் மன்னித்தான். ஃபூ துன் ஏற்கவில்லை. கொன்றவன் சாக வேண்டும் என்பது எங்கள் விதி என்று சொல்லி மகனுக்கு மரண தண்டனையை நிறைவேற்றினார். இதைப் படிக்கும்போது மனம் நடுங்குகிறது. பாகுபாடு காட்டாத அளவுகோல் தன் வீட்டு வாசலுக்கு வரும்போது எவ்வளவு கொடியதாக இருக்கும் என்பதை அவர்கள் அறிந்தே ஏற்றிருந்தார்கள். மோட்ஸி தந்தையையே மறுக்கிறார், இது விலங்கு நிலை என்று கன்பூசியஸின் வழிவந்த மென்சியஸ் சாடியதற்கும் இப்படிப்பட்ட கதைகள் காரணமாயிருக்கலாம். அதே மென்சியஸ்தான், உலகுக்கு நன்மை என்றால் உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்ந்துபோகவும் மோட்ஸி தயங்க மாட்டார் என்றும் எழுதி வைத்தார்.

நகரைக் காக்கும் தொழிலில்தான் இந்த அறவோர்களின் பொறியியல் வளர்ந்தது. மோட்ஸி நூலின் கடைசிப் பகுதி முழுக்க முற்றுகைத் தொழில்நுட்பம். அதில் ஒன்றை மட்டும் கிட்டே சென்று பார்க்கலாம். எதிரி மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டுகிறான். எங்கே என்று உள்ளிருப்பவருக்குத் தெரியாது. மதிலின் அடியை ஒட்டி, உட்புறமாக ஐந்து தப்படிக்கு ஒன்றாகக் கிணறுகள் தோண்டச் சொல்கிறது நூல். குயவரைக் கொண்டு பெரிய சாடிகள் செய்வித்து, வாயில் மெல்லிய தோலை இழுத்துக் கட்டி, கிணற்றுக்குள் இறக்க வேண்டும். கூர்ந்த செவியுடையவர் அதன் மேல் காது வைத்துப் படுத்திருப்பார். மண்வெட்டியின் அதிர்வு காற்றைவிட மண்ணில் நன்றாகப் பரவும். அது சாடியை எட்டும். உள்ளிருக்கும் காற்றும் தோலும் சேர்ந்து அதிரும். ஓசை பெருகிக் கேட்கும். எந்தக் கிணற்றில் ஓசை உரக்கக் கேட்கிறதோ அந்தத் திசையில் சுரங்கம். உடனே எதிர்ச் சுரங்கம் தோண்டி, சுட்ட மண்குழாய் பதித்து, உலையில் மாசிபத்திரி வகைத் தழையை எரித்து, துருத்தியால் புகையை எதிரியின் சுரங்கத்துக்குள் ஊதித் தள்ளுவார்கள். அதிர்வைப் பிடித்து மூலத்தின் இடத்தைக் கணிக்கும் இன்றைய கருவிகளின் அடிப்படை அந்தக் களிமண் சாடியிலேயே இருக்கிறது.

அதே கோங்ஷு பான் ஒருமுறை மூங்கிலாலும் மரத்தாலும் ஒரு பறவை செய்தாராம். மூன்று நாள் இறங்காமல் பறந்ததாம். மோட்ஸி அதைப் பாராட்டவில்லை. ஒரு தச்சர் சிறு மரத்துண்டைச் செதுக்கிச் செய்யும் கடையாணி பெரும்பாரத்தைத் தாங்குகிறதே, இந்தப் பறவை அதற்கு ஈடாகாது என்றார். மக்களுக்குப் பயன்படுவதே திறமை.

ஆனால் அவருக்குப் பின் வந்த சீடர்கள், கி.மு. 300ஐ ஒட்டி, உடனடிப் பயன் ஏதும் இல்லாத கேள்விகளுக்குள்ளும் இறங்கிவிட்டார்கள். வாதத்தில் வெல்ல வரையறை வேண்டும். வரையறை தேடிப் போனவர்கள் வடிவியலுக்கும் ஒளியியலுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு நடுவிலிருந்து சம நீளம் உடையது வட்டம் என்று எழுதினார்கள். எல்லாக் கூற்றுகளும் தவறு என்று சொல்பவர் தம் கூற்றையே தவறாக்கிக்கொள்கிறார் என்று காட்டினார்கள். ஒளியைப் பற்றி மட்டும் எட்டு முடிவுகள். அவற்றில் ஒன்று ஊசித்துளைப் படத்தைப் பற்றியது. இருட்டறையின் சுவரில் சிறு துளை; வெளியே வெயிலில் ஒருவர் நிற்கிறார்; உள்ளே எதிர்ச்சுவரில் அவர் உருவம் தலைகீழாக விழுகிறது. ஒளி எய்த அம்புபோல் நேராகப் பாய்கிறது என்று விளக்கினார்கள். தலையிலிருந்து வருவது துளை வழியே கீழே போகிறது, காலிலிருந்து வருவது மேலே போகிறது. ஆகவே படம் கவிழ்கிறது. ஒளி நேர்கோட்டில் செல்வதைக் கொண்டு இந்த உருவத்தை விளக்கியதில் இதுவே மிகப் பழைய பதிவு.

குழியாடியைப் பற்றிய முடிவை நாமே சோதிக்கலாம். பளபளப்பான எவர்சில்வர் கரண்டியின் உட்புறத்தில் பார்த்தால் முகம் சிறிதாகவும் தலைகீழாகவும் தெரியும். விரல் நுனியை அதன் குழிவுக்கு மிக அருகே கொண்டுபோனால், விரல் பெரிதாகவும் நேராகவும் தெரியும். இரு நிலைகளுக்கும் நடுவே ஓர் எல்லைப் புள்ளி உண்டு. பொருள் அதற்கு வெளியே இருந்தால் ஒரு விதம், உள்ளே இருந்தால் வேறு விதம் என்று அவர்கள் எழுதினார்கள். வெண்கலக் கண்ணாடி முன் நின்று, முன்னும் பின்னும் நகர்ந்து பார்த்தவர்களின் வரிகள் அவை.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஹான் ஃபெய் என்ற சிந்தனையாளர் எழுதும்போது, நாட்டில் ஓங்கி நின்ற பள்ளிகள் இரண்டு என்கிறார்: கன்பூசியஸுடையது, மோட்ஸியுடையது. அடுத்த நூறு ஆண்டுகளுக்குள் இரண்டாவது ஓய்ந்துவிட்டது. கி.மு. 221இல் சின் பேரரசன் எல்லா நாடுகளையும் வென்று ஒன்றாக்கினான். காப்பாற்றச் சிறுநாடுகளே இல்லாதபோது, அவற்றைக் காக்கும் கூட்டத்துக்கு என்ன வேலை? பின்வந்த ஹான் பேரரசு கன்பூசியஸின் நூல்களை அரசுக் கல்வியாக்கியது. படிநிலையையும் சடங்கையும் போற்றும் கொள்கை பேரரசுக்கு வசதியானது. அரசனின் படையெடுப்பையும் பழத் திருட்டையும் ஒரே அளவுகோலில் வைக்கும் கொள்கையை எந்த அவையும் விரும்பாது.

மோட்ஸி நூலின் 71 அத்தியாயங்களில் 53 பிழைத்தன. பிழைத்த வழியும் விந்தைதான். ஆவிகளை நம்பியவர், அதிசயப் பொறிகள் செய்தவர் என்பதால் தாவோ சமயத்தார் அவரைச் சித்தர் வரிசையில் சேர்த்துக்கொண்டார்கள். மிங் ஆட்சியில், 1445இல் முடிந்த தாவோ திருநூல் தொகுப்பில் மோட்ஸி நூலும் இடம்பெற்றது. அதிகம் பேர் படிக்கவில்லை, ஆனால் அழியவும் இல்லை.

படிக்க முயன்றவர்களுக்கு அறிவியல் பகுதி சுத்தமாக விளங்கவில்லை. காரணம் எளிது. மூங்கில் பட்டைகளில் அந்தப் பகுதி மேல்வரிசை, கீழ்வரிசை என்று இரண்டாக எழுதப்பட்டிருந்தது. மேல்வரிசை முழுவதையும் குறுக்கே படித்துவிட்டுப் பிறகு கீழ்வரிசைக்கு வர வேண்டும். பிற்காலத்தில் படியெடுத்தவர்கள் வழக்கம்போல் ஒவ்வொரு பட்டையையும் மேலிருந்து கீழாகப் படித்து எழுதினார்கள். முதல் வாக்கியத்துக்கு அடுத்து, எங்கோ பாதிக்குப் பின்னால் வர வேண்டிய வாக்கியம் வந்து நின்றது. வட்டத்தின் வரையறைக்குப் பக்கத்தில் தொடர்பே இல்லாத வேறேதோ. இப்படியே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. நூலுக்குள்ளேயே, இதைக் குறுக்கே படிக்க வேண்டும் என்று ஒரு குறிப்பும் இருந்தது. அதுவும் வாக்கியங்களோடு வாக்கியமாகக் கலந்து போயிருந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பி யுவான், ஜாங் ஹுய்யான் போன்ற அறிஞர்கள் அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு வரிசையை மீட்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுன் யீராங் விரிவான உரை எழுதினார். மேற்கத்திய அறிவியலின் முன் சீனம் தலைகுனிந்து நின்ற காலம் அது. எங்களிடமும் ஒளியியலும் தர்க்கமும் இருந்தன என்று லியாங் சிசாவ், ஹூ ஷி போன்ற சிந்தனையாளர்களின் தலைமுறை மோட்ஸியைக் கொண்டாடியது. 1978இல், யீ கோமானின் கல்லறை திறக்கப்பட்ட அதே ஆண்டில், பிரித்தானிய அறிஞர் ஏ. சி. கிரகாம் அந்தப் பகுதியின் முழு மீட்டமைப்பை வெளியிட்டார்.

பெயர் அதற்குப் பிறகு வெகுதூரம் போயிற்று. ஜப்பானிய எழுத்தாளர் கெனிச்சி சகேமி, ஒற்றை மோட்ஸிச் சீடர் ஒரு நகரைக் காக்கும் கதையை 1991இல் நாவலாக்கினார். அது படக்கதையாகி, 2006இல் ஆண்டி லாவ் நடித்த திரைப்படமும் ஆனது. 2016 ஆகஸ்ட் 16 அன்று சீனா கோபி பாலைவனத்தின் ஜியுச்சுவான் தளத்திலிருந்து, 600 கிலோவுக்கும் மேற்பட்ட ஒரு செயற்கைக்கோளை ஏவியது. உலகின் முதல் குவாண்டம் தொடர்பு ஆய்வுச் செயற்கைக்கோள். ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று எழுதி வைத்த மரபுக்கு மரியாதையாக அதற்கு மோட்ஸியின் பெயரை வைத்தார்கள்.

அது செய்யும் வேலை இது. 500 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தபடி, பிணைந்த ஒளித்துகள்களை இணை இணையாக உருவாக்குகிறது; ஓர் இணையின் ஒரு துகளை ஒரு நகருக்கும், மற்றதை வேறொரு நகருக்கும் அனுப்புகிறது. பிணைந்த துகள்களில் ஒன்றை அளந்தால் வரும் விடை, எவ்வளவு தொலைவில் இருந்தாலும் மற்றதன் விடையோடு பொருந்தி நிற்கும். கண்ணாடி இழையில் நெடுந்தூரம் போனால் துகள்கள் உறிஞ்சப்பட்டுவிடும். விண்வெளியில் அந்தத் தொல்லை இல்லை, கடைசிச் சில கிலோமீட்டர் காற்றுமண்டலத்தில் மட்டுமே உறிஞ்சல் உண்டு. அப்படியும் விநாடிக்கு 59 லட்சம் இணைகள் புறப்பட்டால், தரையில் இருபுறமும் சேர்ந்து பிடிபடுவது ஏறத்தாழ ஒன்றுதான். அந்த ஒன்று போதுமானதாக இருந்தது. 1,200 கிலோமீட்டர் இடைவெளியிலும் பிணைப்பு அறுபடவில்லை என்று பான் ஜியான்வெய் தலைமையிலான குழு 2017இல் அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பெய்ஜிங்கிலும் வியன்னாவிலும் இருந்த அறிவியல் கழகத் தலைவர்கள், இந்தச் செயற்கைக்கோள் வழங்கிய திறவுகோலால் பூட்டிய காணொளி அழைப்பில் பேசினார்கள்.

அந்த அழைப்பில் ஒரு குறை இருந்தது. திறவுகோல் செயற்கைக்கோளுக்கும் தெரியும். ஆகவே அதை இயக்குபவரை நம்பியாக வேண்டும். 2020இல் அந்தக் குறையும் நீங்கியது. டெலிங்காவும் நான்ஷானும் 1,120 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரு தரைநிலையங்கள். பிணைந்த துகள்களைக் கொண்டே அவை தமக்குள் திறவுகோலை அமைத்துக்கொண்டன. யாராவது ஒட்டுக்கேட்டார்களா, செயற்கைக்கோளே ஏமாற்றுகிறதா என்பதை இரு முனையிலும் இருப்பவர்கள் தங்கள் அளவீடுகளை ஒப்பிட்டுத் தாங்களே கண்டுகொள்ளலாம். துகள்களை அனுப்புவது பேரரசாக இருந்தாலும் அதன் சொல்லை நம்பத் தேவையில்லை.